செயலிப் பட்டியல் இருக்கட்டும், முதலில் பாமினியை விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வேலையைச் சுலபமாக்கும் செயலிகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐ.டி. கம்பெனியில் குழுவாக வேலை பார்ப்பவர்களுக்கானது. கும்பகோணத்தில் டி.டி.பி. கடை நடத்தும் நானும், என்னிடம் வரும் வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போடுகிறவர்கள் எல்லோரும் நேரத்தைத் தொலைப்பது வேறு இடத்தில். ஒருமுறை அடித்ததையே திரும்பத் திரும்ப அடிக்கிறோம்.

காரணம் பழைய எழுத்துருக்கள். பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், ஆனால் கணினி உள்ளே வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். போன வருடத்துத் திருவிழா அழைப்பிதழை இந்த வருடம் வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்றால் வெட்டி ஒட்ட முடியாது, தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் இருக்கும் தமிழை வாசித்துக் காட்டும், பாமினிக் கோப்பைக் கொடுத்தால் ஜே கே பி என்றுதான் உளறும்.

தமிழக அரசு 2010-ல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே, யுனிகோடையும், தமிழுக்கென்றே உருவாக்கிய டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்கப்புறமும் சில அலுவலகங்களிலிருந்து சுற்றறிக்கை வருவது எப்படித் தெரியுமா? பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் பண்ணி, படமாக. அதிலிருந்து இரண்டு வரி எடுக்க வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். எனக்குக் காசு வருகிறது, அது வேறு விஷயம்.

"இத்தனை வருடம் பழகிய கை, மாற்ற முடியாது" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றவே வேண்டாம். என்ஹெச்எம் ரைட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் பாமினி, பழைய தட்டச்சு, தமிழ் 99 என்று விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். விரல் பழைய இடத்திலேயே போகும், திரையில் விழுவது யுனிகோடாக இருக்கும். ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு அதே பெயரில் கன்வெர்ட்டர் உண்டு, மாற்றிய பிறகு ஒருமுறை கட்டாயம் படித்துப் பாருங்கள், ஏனென்றால் நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும், மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ'யும் கொஞ்சம் தகராறு செய்யும்.

புதிதாகக் கற்கிறவர்கள் தமிழ் 99-க்கே போய்விடலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படித்தான். 'வணக்கம்' அடிக்க ஆறு தட்டு போதும், ஆங்கில எழுத்தை வைத்து ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு, கூடவே ஷிப்ட் வேறு. நாள் முழுக்க அடிப்பவருக்கு இது சின்ன மிச்சமில்லை.

எங்கள் ஆட்கள் யுனிகோடுக்கு வராததற்கு இன்னொரு நியாயமான காரணமும் இருக்கிறது, பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, வந்தது 2001-ல், அதற்கு யுனிகோடே தெரியாது. அதற்குப் பிறகு வந்த இன்டிசைன் மென்பொருளில் யுனிகோடுத் தமிழைக் கொட்டி, கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்த்துப் பயந்து பழையபடி பேஜ்மேக்கருக்கே ஓடியவர்கள் நிறைய. பத்திப் பலகையின் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் இலவசம். இன்டிசைன் அளவுக்கு வசதி இல்லை, ஆனால் அழைப்பிதழுக்கும் சின்னப் புத்தகத்துக்கும் போதும்.

அச்சுப் பக்கத்தைத் திரும்ப அடிப்பவர்கள் அதன் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, 'டாக்ஸில் திற' என்று கொடுத்துப் பாருங்கள். தெளிவான அச்சாக இருந்தால் எழுத்துகள் வியக்கும்படி வந்து விழும். இரண்டு பத்தி அமைப்பு, அட்டவணை என்றால் வரிசை குழம்பும், கையெழுத்துப் பிரதியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விற்பனைப் பத்திரம், ஆதார் நகல் இதையெல்லாம் மட்டும் கண்ட கண்ட இலவச இணையதளங்களில் ஏற்றாதீர்கள். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் நம் கணினியிலேயே, இணையம் இல்லாமலே, தமிழ் அச்சை எழுத்தாக்கும். நிறுவுவது கொஞ்சம் தலைவலி, தெரிந்த பையன் யாரையாவது பிடியுங்கள்.

பேசினால் எழுத்தாக்கும் கூகுள் குரல் தட்டச்சு 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. முதல் வரைவுக்கு நல்லது. ல, ள, ழ நாம் பேசுகிற லட்சணத்துக்கு ஏற்றபடிதான் வரும், அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பிழை பார்க்க வாணி, ஒற்று பார்க்க நாவி என்று தமிழிலேயே இணையக் கருவிகள் இருக்கின்றன, வாத்தியார்கள் ஒருமுறையாவது பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம், விண்டோஸ் விசையோடு ஆங்கில 'வி' அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை வரிசையாக வரும். முதல் முறை மட்டும் 'இயக்கு' என்று கேட்கும். எத்தனை பேருக்கு இது தெரியும் என்று என் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன், ஒருவருக்கும் தெரிவதில்லை.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. வாசகர் கடிதப் பகுதியில் 'யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பவும், படமாக அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், உங்கள் இ-பேப்பரில் ஒரு பெயரைத் தேடினால் எதுவுமே கிடைப்பதில்லை, பக்கம் இன்னும் பழைய எழுத்துருவில்தான் கட்டுகிறீர்கள் போலிருக்கிறது. அதை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று இதே பக்கத்தில் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்