மத்தியான மின்சாரமும் கிணற்றடி மண்ணெண்ணெயும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். மின்கட்டணத் திருத்தம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியாகும் செய்திகளையும் வாசகர் கருத்துக்களையும் தவறாமல் வாசித்து வருகிறேன். முப்பது அலகு, அறுபது அலகு என்று பேச்சு முழுவதும் வீட்டு மின்மானியையே சுற்றிச் சுற்றி வருகிறது. இலங்கையின் வடக்கே வன்னியில் தோட்டம் செய்யும் ஒரு குடும்பத்தின் காசு கரைவது கிணற்றடியில் என்பதை எவரும் எழுதக் காணவில்லை. விசுவமடுவில் அரை ஏக்கர் மிளகாயும் கொஞ்சம் கத்தரியும் வைத்திருப்பவன் என்ற முறையில் அதை நானே எழுதுகிறேன்.

எனது தோட்டத்துக்கு ஒருமுறை இறைப்பதற்குச் செலவாகும் மண்ணெண்ணெய்க் காசு, எனது வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு வரும் மின்பட்டியலை விடக் கூடியது. கோடையில் நாலு நாளைக்கு ஒருமுறையாவது இறைக்க வேண்டும். என்னிடம் இருப்பது தண்ணீர் இறைக்கும் பழைய இரண்டு அங்குல மெஷின். கயிறு இழுத்துப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட வேண்டும். அவசரப்பட்டால் இருமி இருமி நின்றுவிடும், பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஆடி, ஆவணியில் நீர்மட்டம் கீழே போனதும், தரையில் இருக்கும் மெஷினால் இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து உறிஞ்ச முடியாது என்பதால், கிணற்றுக்குள் இரண்டு பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் மெஷினை இறக்கி வைத்து ஓட்டுகிறோம். புகை மேலே வராமல் கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும். நின்றுபோன மெஷினைப் பார்க்க இறங்கிய என் சின்னம்மாவின் மகனை, ஒருநாள் தலைசுற்றிச் சரிந்த நிலையில், இடுப்பில் கட்டியிருந்த கயிறு இருந்தபடியால்தான் மேலே இழுத்து எடுத்தோம்.

"ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்" என்பது எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நாள்தோறும் கேட்கும் வசனம். தேர்தல் முடிந்த மறுநாள் அது இன்னும் பலமாகக் கேட்கும். இதனை நான் ஏற்பதில்லை. எனது தகப்பனார் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்று இங்கே வந்தவர். எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, செத்தல் மிளகாய் விற்ற காசில் அவரைப் போன்றவர்கள் கல்வீடு கட்டினார்கள், மெஷின் வாங்கினார்கள். 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அந்த விலை போயிற்று. தொண்ணூறுகளில் போரின்போது வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அதே மெஷின்கள் எண்ணெய் இன்றிக் கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. இரவில் படிக்க ஜாம் போத்தல் விளக்கு, தோட்டத்துக்குக் கையால் இறைக்கும் துலா என்று காலம் கழிந்தது. 2022 ஆவணியில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கொள்வனவு விலைக்கும் குறைவாக விற்று நட்டப்பட முடியாது என்று சொல்லப்பட்ட காரணத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஓட்டுபவரும் விசுவமடுவில் மிளகாய் நடுபவரும் அந்த ஒரே இரவுக்குள் வேறு எந்த எரிபொருளுக்கு மாறியிருக்க முடியும் என்பதைக் கொழும்பில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பின்னர் விலை படிப்படியாகக் குறைந்தது. எனினும் 87 ரூபாவை நாங்கள் திரும்பக் காணவில்லை. ஆர் வந்தாலும் ஒன்றுதான் என்றால் இவை எல்லாம் எப்படி நடந்தன?

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைமேல் சூரியத் தகடு பூட்டியிருப்போர் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டியிருக்கும் நாட்களில் மின்சாரத்தின் தேவை விழுந்துவிடும், பகலில் சூரிய மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் முழுக் கட்டமைப்பும் ஆட்டம் காணும் என்பதே காரணம். அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருளில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். (அந்தக் குரங்கை வைத்து எங்கள் தேத்தண்ணிக் கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள்.) ஆகவே சபையின் பயம் பொய்யான பயம் அல்ல. ஆனால் மத்தியானத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று தகடுகளை நிறுத்தச் சொல்லும் அதே நேரத்தில், வன்னியில் நாங்கள் கிணற்றுக்குள் மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

தோட்டக் கிணற்றுக்கு மின்இணைப்புக் கேட்டு நான் விண்ணப்பித்தேன். வீதியிலிருந்து கிணறு வரை ஏழு தூண்கள் நட வேண்டும் என்று ஒரு மதிப்பீடு தந்தார்கள். அந்தத் தொகையைப் பார்த்தபின் கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் இத்தகைய கடதாசி நாலு வீட்டில் இருக்கிறது. தனித்தனியே ஏழு தூண் என்று கணக்குப் பார்க்காமல், ஒரு ஒழுங்கைத் தோட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே வரிசைத் தூண்களாகத் திட்டமிட்டு, மத்தியான மின்சாரத்தை மட்டும் மலிவு விலையில் தந்தால், சபைக்கும் மிஞ்சும் மின்சாரத்தை விற்க ஓர் இடம் கிடைக்கும். கம்பி போக முடியாத தோட்டங்களுக்கு, பற்றரி இல்லாமல் தகட்டிலிருந்தே நேராக ஓடும் மோட்டரை மானியத்தில் தரலாம்.

உச்சி வெயிலில் பாத்திக்குத் தண்ணீர் விடக்கூடாது, காலையிலும் மாலையிலும்தான் இறைக்க வேண்டும் என்று தோட்டக்காரர் சொல்வது சரியே. ஆகையால் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, மத்தியானம் ஏற்றிய நீரை மாலையில் திருப்பிவிடும் ஏற்பாடு அவசியம். மற்றொரு தடை இதனிலும் பெரிது. எண்ணெய்க்குக் காசு கொடுக்கும்வரை எவனும் தேவைக்கு மேல் இறைக்க மாட்டான். வெயில் இலவசம் என்றால் மோட்டரை நிறுத்த மறந்துவிடுவான், பக்கத்துக் கிணறு வற்றிவிடும். எங்கள் நிலத்தடி நீர் மாரி மழையை நம்பி இருக்கிறது. ஆகவே மானியத்தோடு சொட்டுநீர்க் குழாயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஒரு கிணற்றுக்கு எத்தனை குதிரைவலு என்பதைக் கமக்காரர் அமைப்பு கூடித் தீர்மானிக்க வேண்டும்.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைப்பதாக இருந்த இந்தியக் குழுமம் 2025 பெப்ரவரியில் விலகியபோது, பத்திரிகைகள் பல நாட்கள் அதையே எழுதின. அந்த விவாதம் தேவையானதுதான். எங்களுக்கு வேண்டியதோ இரண்டு குதிரைவலு. அது அமைச்சரவை வரை போக வேண்டிய விடயம் அல்ல. மாகாண சபை ஒன்று இருந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்போம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை.

அந்தத் தேர்தல் என்றைக்காவது வந்து, வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும் வேட்பாளர்கள், தயவுசெய்து ஆவணி மாத மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வரட்டும். கிணற்றுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், எட்டிப் பார்க்கலாம். மதிப்பீட்டுக் கடதாசியை லாச்சியிலிருந்து எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
விசுவமடுத் தோட்டக்காரன் ஒருவன்