சொல் இல்லாத சொற்றுணை

அக்கா,

ஏப்ரல் 25 வரப்போகிறது, சிங்கப்பூரின் தூக்குத் தண்டனைக்கு எதிராக நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிய நாள். இந்த வருடமும் அந்த நாளைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தனியாக அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களைத் தேவார வகுப்பிலிருந்து நிறுத்திய செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், எல்லோர் கண்ணிலும் படும்படிதானே வந்தது. அனுப்பியவர் வேறு ஒருவர், எழுதியது நான். 'பிள்ளைகளின் நலன் கருதி' என்று தொடங்கியதே, அது என் கை. நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள், பத்து வயதிலிருந்து எனக்குத் தமிழ் திருத்தியவர் ஆயிற்றே. ஊரறியச் செய்ததற்கு ஊரறியத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆனால் சிலவற்றை இங்கே எழுத மாட்டேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், இதை யார் யார் படிப்பார்கள் என்றும் தெரியும். அன்று யாருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள் என்பதையும் எழுதப் போவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் துக்கம். அண்ணன் விஷயமும் அப்படித்தான்.

வர மாட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன் இல்லையா? வந்தேன், அக்கா. 2022, திங்கட்கிழமை, வேலை முடிந்து கிளார்க் கீயில் இறங்கி, ஹாங் லிம் பூங்காவுக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் வந்தேன். சாலையை மட்டும் கடக்கவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி கையில் கார்டை வைத்துக்கொண்டு நின்றேன். பேருந்துகள் வந்து நின்று கதவைத் திறந்து மூடிப் போய்க்கொண்டே இருந்தன. ஓர் ஓட்டுநர் என்னைப் பார்த்து, ஏறுகிறாயா என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் இல்லை என்று கையைக் காட்டினேன். இருட்ட ஆரம்பித்ததும் புல்வெளியில் சின்னச் சின்ன வெளிச்சமாகத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான பேர். அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் உங்களை மைக் முன்னால் பார்த்தேன். அந்தப் பச்சைச் சுங்குடிச் சேலை. நீங்கள் பேசவில்லை, பாடினீர்கள். அதுவும் அகாரத்தில், வெறும் 'ஆ' என்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. சாலையில் பச்சை விளக்கு விழுந்தால் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு கிளம்பும், உங்கள் குரல் காணாமல் போய்விடும். சிவப்பு விழுந்து எல்லாம் நின்றதும் மறுபடி மேலே வரும். இரண்டாவது சிவப்பில்தான் பிடிபட்டது. காந்தார பஞ்சமப் பண். பிள்ளைகளுக்குக் 'கேதாரகௌளை மாதிரி' என்று சொல்லிக் கொடுப்பீர்களே, அதே இழுப்பு. அப்பரின் 'சொற்றுணை வேதியன்' பதிகம், ஒரு சொல்கூட இல்லாமல்.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. 2000-ல் அந்தப் பூங்காவில் பொதுப் பேச்சுக்கான ஸ்பீக்கர்ஸ் கார்னர் வந்ததிலிருந்தே விதி அதுதான், மதம் சம்பந்தப்பட்ட எதையும், நேரடியாகவோ சுற்றி வளைத்தோ, அங்கே பேசக் கூடாது. விதியை மீறி யாரையும் வம்பில் மாட்டிவிட உங்களுக்கு மனமில்லை. பாட்டை விடவும் மனமில்லை. சொல்லை மட்டும் எடுத்துவிட்டீர்கள். தைப்பூசத்தில் 1973-லிருந்து வாத்தியத்துக்குத் தடை, 2016-ல் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைக்கும்வரை பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு வரை மேளம் இல்லாமலே காவடிக்குப் பின்னால் நடந்தவர் நீங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சத்தை வைத்துப் பாடத் தெரியும் உங்களுக்கு.

மூன்றாவது சிவப்பில் என் வாய் தானாக அசைந்தது. ராகம் அந்தப் பக்கம், சொல் இந்தப் பக்கம். கல்லோடு கட்டிக் கடலில் போட்டாலும் துணை நமசிவாய என்கிற அடி வந்ததும் நிறுத்திவிட்டேன், தொண்டை அடைத்துக்கொண்டது. ஏழு வயதிலிருந்து பாடுகிற பாட்டு. அப்பர் கடலில் மிதந்த கதையும் மனப்பாடம். நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல். ஆனால் அது அரசன் விதித்த மரண தண்டனை என்று அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை. நாம் பிள்ளைகளுக்கு முதல் முதலாகச் சொல்லிக் கொடுக்கிற 'மாசில் வீணையும்' பாட்டும் நீற்றறைக்குள் ஏழு நாள் அடைபட்டவர் பாடியதுதானே.

படிக்கிறவர்கள் திரித்துக்கொள்ள வேண்டாம். அப்பர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. சாங்கி சிறையில் இருப்பவர்கள் கொண்டுவந்த பொருள் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, அக்கா. எங்கள் வீட்டில் அந்த மூன்று இரவும் அம்மாவோடு தரையில் படுத்திருந்தது நீங்கள். 'விற்றவன் நாசமாகப் போகட்டும்' என்று அம்மா அழுதபோது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். அதே கையால் இன்னொரு அம்மாவைத் தேக்கா மாடித் துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தூக்குக்கு முந்திய கடைசி நாட்களில் சிறையில் படம் எடுப்பார்கள், வீட்டு ஆட்கள் வாங்கித் தரும் உடையைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ஒரு சட்டை. மகனுக்கு இப்போது என்ன அளவு என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை, கடைக்காரரிடம் சிறைக்குப் போவதற்கு முந்திய அளவையே சொன்னார் என்று ஒருநாள் வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது என்னிடம் சொன்னீர்கள். என்னிடம் சொன்னீர்கள், எங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை! அம்மா அதை ஃபேஸ்புக்கில் யாரோ போட்ட உங்கள் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று 2018-ல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வியையே திருத்தியபோது, 'வாடிய பயிருக்கு வாடிய வள்ளலாரை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருக்கிறோமே' என்று எல்லோரையும் கேட்ட உங்களுக்கு, பக்கத்து புளோக்கில் வாடிப்போய்க் கிடந்தவர் கண்ணில் படவில்லையா?

சரி. நான் எழுதிய செய்திக்கு வருகிறேன். மூன்று பெற்றோர் வந்து பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். கூட்டத்தில் ஒருவர் 1990-ல் வந்த சமய நல்லிணக்கச் சட்டத்தின் பெயரை எடுத்ததும் அறையே அடங்கிவிட்டது. வகுப்பில் நீங்கள் ஒரு நாளும் தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசியதில்லை என்று சொல்ல அங்கே இருந்தவர்களில் என்னால்தான் முடியும். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. வகுப்பே மூடிவிடக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. என் வேலையையும் நினைத்தேன், அதுவும் உண்மை. அம்மாவுக்காகப் பழி தீர்த்துக்கொண்டேனா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். கொஞ்சம் அதுவும்தான். மன்னித்துவிடுங்கள்.

அந்த வருடம் மட்டும் தூக்கில் 11 பேர். ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் உங்களுக்கு ஃபோன் போட எடுப்பேன், வைத்துவிடுவேன். நீங்களும் கூப்பிடவில்லை. என் செய்திக்கு 'சரிம்மா' என்று ஒரே ஒரு பதில் போட்டீர்களே, திட்டியிருக்கலாம் அக்கா. அந்த 'ம்மா'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போன ஞாயிறு பிள்ளைகளுக்கு அந்தப் பதிகத்தின் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். அரசன், தீர்ப்பு, கல், எல்லாம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அவர் நிஜமாவே தப்பு பண்ணியிருந்தா கல்லு மூழ்கியிருக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "எந்த அக்கா?" என்றான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது.

அன்று சாயங்காலமே வகுப்பின் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் நானும் நிறுத்திக்கொள்கிறேன். என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. ஹாங் லிம்முக்கு வருவாயா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். அந்தச் சாலை எனக்கு இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது.

இதைப் போடுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும் இல்லையா. முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை, கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். போடட்டுமா என்றேன். போடு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையனுக்கு என்ன கலர்ல சட்டை எடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, அக்கா. வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லுங்கள்.