பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பிரிவினருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில், மாடியில் இரண்டு அறைகளில் பம்ப்செட்டுக்கான கன்ட்ரோலர் போர்டு செய்கிறோம். அதற்கான மென்பொருளும் எங்களுடையதே. மொத்தம் ஆறு பேர். சிறுதொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, 2006-இலிருந்து இருக்கிறது.

மார்ச்சில் கொடுத்த சரக்குக்கு ஆகஸ்ட் வரை பணம் வரவில்லை. பில் எண்ணில் ஒரு சிறு கோடு விடுபட்டிருக்கிறதாம், திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினால், கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார். அந்தப் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை நான் ஏப்ரலிலேயே கட்டிவிட்டேன். கண்ணில் பார்க்காத பணத்துக்கு வரி.

எங்கள் தொழில் வங்கிக் கடனில் ஓடவில்லை. சர்க்யூட் போர்டு அடிப்பவர் ஒரு தெரு, தகரப்பெட்டி வளைப்பவர் அடுத்த தெரு, பவுடர் கோட்டிங் அதற்கும் அடுத்தது. எல்லாம் வாய்ச்சொல் கடன். நீங்கள் ஒரு பில்லை நிறுத்தினால் நான்கு பட்டறைகளில் சம்பளம் நிற்கும். ஜூலையில் பெட்டிக்காரர் வந்தார். பணம் கேட்கவில்லை. டீ குடித்தார், மேசையில் கிடந்த ஒயர் சுருளைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு வைத்தார். பையனுக்குப் பாலிடெக்னிக்கில் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தயவுசெய்து 45 நாளில் பணத்தைக் கொடுங்கள்.

தாமதப் பணத்துக்கென அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் செய்யலாம், வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம் என்பது தெரியும். கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதும் தெரியும். கெடுவுக்குள் எங்களுக்குக் கொடுக்காத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2024-இல் வருமானவரி விதி அமலுக்கு வந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. உங்களில் ஒருவர் உடனே வழி கண்டுபிடித்தார்: "உத்யம் என்னும் சிறுதொழில் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், தொடர்ந்து ஆர்டர் தருகிறோம்." இந்த அறிவை எங்கள் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் கடனாகக் கொடுத்தால் 45 நாளில் திருப்பித் தருவோம்.

போன ஆண்டு விழாவில் எனக்குச் 'சிறந்த சப்ளையர்' கேடயம் கொடுத்தீர்கள். மேடையில், சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்றார் உங்கள் தலைவர். அன்றைக்கும் இரண்டு பில் பாக்கி.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். சலுகை கேட்கவில்லை, முன்பணமும் வேண்டாம். 45 நாள், அவ்வளவுதான். மார்ச் பில்லை அந்தக் கோட்டையும் போட்டு நான்காவது முறையாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிறந்த சப்ளையர்