1.135 என்று உறுதி செய்துவிட்டு 1.085-க்கு அனுப்பிய யூரோ: முறைப்பாடு

18 ஒக்டோபர் 2022

மதிப்புக்குரிய முகாமையாளருக்கு,

தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறம், கோல் வரும்" என்கிறார்கள். ஒரு கோலும் வரவில்லை.

செப்டம்பர் 22, வியாழக்கிழமை பின்னேரம், 32,000 யூரோவுக்கு, ஒரு பவுணுக்கு 1.135 யூரோ என்ற விகிதத்தில் உங்களிடம் ஃபோர்வர்ட் ஃபிக்ஸ் செய்தேன், அதாவது பிறகு கட்டும் காசுக்கு விகிதத்தை அன்றே பூட்டி வைத்தேன். பத்து வீத முற்பணம் 2,819 பவுண் அன்றே உங்கள் கணக்கில் விழுந்தது. "விகிதம் உறுதி செய்யப்பட்டது: 1.1350. தீர்வுத் திகதி: செப்டம்பர் 27" என்ற உங்கள் மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது, பிரதியை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மீதிக் காசு கட்ட வந்தால், அப்படி ஒரு ஃபிக்ஸே பதிவாகவில்லை, இன்றைய ரேட் 1.085, விருப்பமென்றால் அனுப்பலாம் என்றீர்கள். 28,194 பவுணில் முடிய வேண்டிய அலுவல் 29,493 பவுண் ஆனது. 1,299 பவுண் என் கையை விட்டுப் போய்விட்டது.

அந்தத் திங்கள் காலையில் தொலைபேசி எடுத்த தம்பியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். மின்னஞ்சலை வாசித்தும் காட்டினேன். அவர் சொன்னது இது: "அண்ணை, பிளேன் வாங்கிற ஆளுக்கு ஆயிரம் பவுண் என்ன பெரிய காசே?" சொல்லிவிட்டு லைனை ஹோல்டில் போட மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

நான் வாங்கியது பிளேன் அல்ல, கிளைடர். எஞ்சின் கிடையாது. ஒருவர் மட்டும் இருந்து பறக்கிற, பதினைந்து மீட்டர் இறக்கை கொண்ட பழைய டிஸ்கஸ் பி. ட்ரெய்லரோடு சேர்த்துத்தான் அந்த 32,000 யூரோ. இரவு வேலை செய்து, வருடக்கணக்காகச் சேர்த்த காசு. டன்ஸ்டபிள் மலைச்சரிவில் கிளப் கிளைடருக்கு வரிசையில் நின்று பறக்கிறவன் நான். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்பது என் எவ்வளவு பெரிய ஆசை என்று அந்தத் தம்பிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் என் காசைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு உரிமை இல்லை.

உங்களிடம் ஃபிக்ஸ் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இங்கே கிளைடர் வாங்க நினைத்தால் பெரும்பாலும் ஜெர்மனிக்குத்தான் போக வேண்டும். அங்கே கிளைடர் செய்கிற ஷெம்ப்-ஹிர்த் ஆகட்டும், ஷ்லைக்கர் ஆகட்டும், விலை யூரோவில்தான். புதியது என்றால் ஓர்டர் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, மீதிக் காசை அன்றைய ரேட்டில் கட்ட வேண்டும். 2016 ஜூன் 23, பிரெக்சிட் வாக்கெடுப்பு நாளில் ஒரு பவுணுக்கு 1.30 யூரோ அளவில் கிடைத்தது. அதே வருடம் ஒக்டோபரில் 1.12-க்கும் கீழே போனது. ஒரு லட்சம் யூரோ கட்ட வேண்டியவருக்கு நாலு மாதத்துக்குள் பன்னிரண்டாயிரம் பவுணுக்கு மேல் ஏறிவிட்டது. கிளைடர் அதே கிளைடர்தான். இது எனக்குத் தெரிந்ததால்தான், விலை பேசி முடித்ததும் முதல் வேலையாக உங்களிடம் வந்தேன். அப்போது உங்கள் ஆள் என்ன சொன்னார்? "அவசரப்படாதையுங்கோ, வியாழக்கிழமை பாங்க் ஒஃப் இங்கிலாந்து வட்டி கூட்டும், பவுண் ஏறும்." சரி என்று பொறுத்தேன். வட்டியை 2.25 வீதமாகக் கூட்டினார்கள்; பவுண் ஏறவில்லை. இனியும் பொறுக்க முடியாது என்று அன்றே ஃபிக்ஸ் செய்யச் சொன்னேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை நிதியமைச்சர் குவாசி குவார்டெங்கின் மினி பட்ஜெட், பவுணைக் கவிழ்த்த அந்த வரிக்குறைப்பு அறிவிப்பு. திங்கள் அதிகாலையில் டொலருக்கு எதிராகப் பவுண் 1.04-க்கும் கீழே, சரித்திரத்தில் இல்லாத அளவுக்கு விழுந்தது. இப்படி ஒன்று நடந்தால் தப்புவதற்குத்தானே ஃபிக்ஸ் என்ற ஒன்றை விற்கிறீர்கள்! விழாத நாளில் மட்டும் செல்லுபடியாகும் ஃபிக்ஸ் எனக்கு எதற்கு?

இன்னொன்று. அந்தத் திங்கள் பின்னேரம் சந்தையில் ஒரு பவுணுக்கு 1.11 யூரோ அளவில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நீங்கள் தந்தது 1.085. அதிகாலையில் விழுந்த அடிமட்ட ரேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏறியதை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டீர்கள். இதற்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும்.

ஏன் அன்று சம்மதித்தேன் என்று கேட்பீர்கள். வேறு வழி இல்லை. ஜெர்மனியில் கிர்ச்ஹைம் பக்கத்தில் இருக்கிற விற்பனையாளருக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் முழுக் காசும் போக வேண்டும். அதே கிளைடரை வாங்க நெதர்லாந்தில் ஒருவர் யூரோவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு ரேட்டும் இல்லை, ஃபிக்ஸும் இல்லை, உங்களைப் போன்ற கொம்பனியும் தேவையில்லை. புதன்கிழமை பாங்க் ஒஃப் இங்கிலாந்து சந்தையை அமைதிப்படுத்த அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கத் தொடங்கியது. ஒக்டோபர் முதல் கிழமையிலேயே பவுண் பழைய 1.14-க்கு வந்துவிட்டது. அந்தச் சில நாட்களின் பள்ளத்தில் என்னைத் தள்ளிவிட்டது உங்கள் கொம்பனிதான்.

அந்தத் திங்கட்கிழமைப் பயணத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். தொலைபேசியில் அவமானப்பட்ட பிறகும், நேரில் போனால் யாராவது பொறுப்பான ஆள் இருப்பார் என்று நம்பி, வேலைக்கு லீவு போட்டு லூட்டனிலிருந்து எம்1 நெடுஞ்சாலை வழியாக உங்கள் கிளைக்கு வந்தேன். பாஸ்போர்ட், விலாசத்துக்கு கவுன்சில் டக்ஸ் கடிதம், ஜெர்மன் இன்வொய்ஸ், உங்கள் மின்னஞ்சலின் பிரிண்ட், எல்லாம் ஒரு ஃபைலில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தங்கச்சி ஃபைலைத் திறக்காமலே "மனேஜர் மற்றக் கிளையில நிக்கிறார், நாளைக்கு வாங்கோ" என்றார். எனக்கோ நாளைதான் கடைசி நாள். மனேஜருக்கு ஒரு கோல் எடுத்துத் தாருங்கள் என்றால் அதற்கும் தனக்கு அனுமதி இல்லையாம். பிறகுதான் சொன்னார், என் இன்வொய்ஸ் ஜெர்மன் மொழியில் இருந்ததால் வெள்ளிக்கிழமை யாரோ அதை "பெண்டிங்" என்று போட்டார்களாம், அதனால் ஃபிக்ஸ் புக் ஆகவில்லையாம். வெள்ளிக்கிழமை முழுவதும் என் தொலைபேசி என் பையில்தான் இருந்தது. ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் மொழிபெயர்த்து அனுப்பியிருப்பேன்.

வரி வசூலிக்கிற எச்.எம்.ஆர்.சி.யைப் பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவில் வாங்கிக்கொண்டு வரும் கிளைடருக்கு 20 வீத வற் (பெறுமதி சேர் வரி) கட்ட வேண்டும். ஐயாயிரத்துச் சொச்சம் பவுண் அதற்கே போகிறது. ஆனால் அந்தக் கணக்குக்கு அவர்கள் மாதத்துக்கு ஒரு விகிதத்தை முன்கூட்டியே அறிவித்து, பொதுவாக மாதம் முழுவதும் அதிலேயே நிற்கிறார்கள். உங்களால் வியாழனிலிருந்து செவ்வாய் வரை சொன்ன சொல்லில் நிற்க முடியவில்லை.

நட்டம் 1,299 பவுண் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காசில்தான் ட்ரெய்லருக்குப் புது டயர் போட இருந்தேன். இருக்கிற டயர்கள் பக்கவாட்டில் விரல் நுனி போகும் அளவுக்கு வெடித்திருக்கின்றன. மோதல் எச்சரிக்கைக்கு ஃபிளார்ம் கருவி வாங்க இருந்தேன். ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தில் அபோய்னுக்குப் போய் மலை அலைக் காற்றில் பறக்க ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை ஒரு வருடமே நாசம். மொத்தமாக ஐயாயிரம் பவுணுக்குக் குறையாத நட்டம் என்றுதான் நான் சொல்வேன்.

ஊருக்கு அம்மாவுக்குக் காசு அனுப்பத் தொடங்கிய காலத்திலிருந்து உங்களிடம்தான் வருகிறேன். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என் சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேரை உங்களிடம் கூட்டிவந்திருக்கிறேன். அந்த உறவை நினைத்துத்தான் தயவாகக் கேட்கிறேன்: 1,299 பவுணைத் திருப்பித் தாருங்கள், மற்ற நட்டத்துக்கு நியாயமான ஒரு தொகை சொல்லுங்கள், அந்தத் தம்பியின் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள்.

இல்லையென்றால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. கொடுப்பனவுச் சேவை பற்றிய முறைப்பாட்டுக்கு 15 வேலை நாட்களுக்குள் முடிவான பதில் தர வேண்டும் என்ற விதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது வராவிட்டாலோ, சாட்டுச் சொல்லி வந்தாலோ, எல்லாப் பிரதிகளோடும், நிதி முறைப்பாடுகளைத் தீர்க்கிற ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போவேன். அங்கே எனக்கு ஒரு சதமும் செலவில்லை. உங்களைப் போன்ற கொம்பனிகளைக் கண்காணிக்கிற எஃப்.சி.ஏ.க்கும் எழுதுவேன். உறுதிப்படுத்திய ரேட்டை வார இறுதிக்குள் இல்லை என்று சொல்கிற கொம்பனியை அவர்களும் பார்க்கட்டும். நான் கூட்டிவந்தவர்களுக்கும் இந்த மின்னஞ்சலைக் காட்டுவேன்.

பதில் எழுத்தில், பொறுப்பான ஒருவரின் பெயரும் கையொப்பமும் போட்டு வர வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். அந்தத் தம்பி எடுத்துக் கதைத்தால் நான் கதைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாடிக்கையாளர்,
லூட்டன்

இணைப்பு: செப்டம்பர் 22 உறுதி மின்னஞ்சல், முற்பணப் பற்றுச்சீட்டு, ஜெர்மன் இன்வொய்ஸும் அதன் மொழிபெயர்ப்பும், செப்டம்பர் 26 அனுப்பிய காசுக்கான ரசீது