வாயைத் திறந்து காட்டுங்கம்மா

அன்புள்ள ரேவதி,

போன்ல சொன்னா நடுநடுவுல நீயே பேசி முடிச்சிடுவ. அதான் உட்கார்ந்து எழுதுறேன். உங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சுமதி சொன்னா, நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவன் பத்தாவது, அதனால வீட்டுல டி.வி.க்கு நூத்தி நாப்பத்தி நாலு தடை.

விஷயம் இதுதான். எங்க வட்டாரத்துல இருக்கிற பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டருங்க, கிராம செவிலியருங்க எல்லாருக்கும் வாயைப் பரிசோதிக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கிற வேலை என் தலையில விழுந்திருக்கு. சிரி, நல்லா சிரி. ரெண்டு மார்க்குல எனக்கு எம்.பி.பி.எஸ்.னும் உனக்கு பி.டி.எஸ்.னும் ஆன நாள்லேருந்து உன்னை எத்தனை கல்யாண வீட்டுல வாரியிருப்பேன்! "முப்பத்திரண்டுக்கு மட்டும் டாக்டர்." இப்போ அந்த முப்பத்திரண்டையும் ராத்திரி உட்கார்ந்து படிச்சுட்டுப் போறேன்.

எங்க படிப்பு உனக்குத் தெரியாததா? நாக்கை அமுக்கு, ஆ சொல்லச் சொல்லு, டான்சிலைப் பாரு, டார்ச்சை அணை. வழியில இருக்கிற பல்லு, ஈறு, கன்னம் எதுவும் எங்க கணக்குல கிடையாது. பல்வலின்னு வந்தா அமாக்ஸிசிலின், ஒரு வலி மாத்திரை. வீக்கம் வடியும், மறுபடி வரும். அமெரிக்காவுல மேரிலாண்ட்ல டியாமாண்டே டிரைவர்னு ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் 2007-ல செத்துப்போனான். சொத்தைப் பல்லோட சீழ் மூளை வரைக்கும் போயிடுச்சு. பல்லைப் பிடுங்க எண்பது டாலர் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு ரெண்டரை லட்சம் டாலர் ஆச்சு. ஏழைங்களுக்கான காப்பீட்டுல பாக்கிற பல் டாக்டர் அங்கேயே குதிரைக்கொம்பு. இதைச் சொன்னப்போ, பின் வரிசையில போன் நோண்டிட்டிருந்த ஒரு டாக்டர் தம்பி அதைக் கவுத்து வெச்சான்.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா, டாக்டருங்களை விட செவிலியருங்கதான் பிச்சு உதறுறாங்க. குழந்தைக்கு எப்படிப் பாக்கணும்னு காட்டினேன். அம்மாவும் நர்ஸும் எதிரெதிரா உட்கார்ந்து முழங்காலை முட்டக் கொடுத்து, குழந்தையை அம்மா மடியிலேருந்து அப்படியே சாய்ச்சு, தலை நர்ஸ் மடியில வர்ற மாதிரி. அப்புறம் மேல் உதட்டைத் தூக்கு. முன் பல்லு ஈறைத் தொடுற இடத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு இருக்கான்னு பாரு. இருந்தா அதுதான் சொத்தையோட ஆரம்பம், அப்போ பிடிச்சா இன்னும் திருப்பிடலாம். ஒரு செவிலியர் அதைப் பாத்துட்டு, "ராத்திரி சீனி போட்ட பால் பாட்டிலோட தூங்குற புள்ளைங்க எல்லாத்துக்கும் இது இருக்கே மேடம், நாங்க தாய்ப்பால் கறைன்னு நினைச்சோம்"னாங்க. தடுப்பூசி நாள்ல எப்படியும் எல்லாக் குழந்தையும் வருது. உதட்டைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகிடப் போகுது?

பெரியவங்க கதை வேற. "புகையிலை பழக்கம் உண்டா?"ன்னு கேட்டா ஒருத்தரும் ஆமான்னு சொல்றதில்ல. வெத்தலையோட சேத்துப் போடுறதை அவங்க பழக்கம்னே நினைக்கிறதில்ல. "எந்தப் பக்கம் அடக்குவீங்க?"ன்னு கேட்டா உடனே விரலால காட்டுறாங்க. அந்தப் பக்கத்துக் கன்னத்தை முதல்ல பாரு. அப்புறம் நாக்கைப் புண்ணுக்குக் கட்டுற காஸ் துணியால பிடிச்சு இழுத்து ரெண்டு ஓரமும் பாரு, நாக்குக்கு அடியிலயும் பாரு. வாய்க்குள்ள மூணு விரல் நுழையலைன்னா குறிச்சுக்கோ, பாக்கால வாய் உள்ளுக்குள்ள இறுகிட்டு வருதுன்னு அர்த்தம், அப்போ காரமும் தாங்காது. பாக்குல இருந்தே புற்று வரும்னு உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு பண்ணி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, புகையிலை சேரணும்னுகூட இல்ல. "குழம்புல காரம் அதிகம்"னு பொண்டாட்டிகிட்ட தினம் சண்டை போடுற ஆம்பளை இருந்தா, அவரோட வாயைத் திறந்து பாருன்னு நான் சொன்னதுக்கு அறையே சிரிச்சுது. அடுத்த வாரம் ஒரு செவிலியர் அப்படி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு விரலே கஷ்டப்பட்டுத்தான் நுழைஞ்சுது.

உனக்கு ஒரு கேள்வி வெச்சிருக்கேன். நார்த் கரோலினாவுல 2000-த்துலயே குழந்தை டாக்டருங்களுக்குப் பயிற்சி கொடுத்து சொத்தை வராம இருக்கப் பல்லுல ஃப்ளோரைடு வார்னிஷ் பூச வெச்சாங்களே, அதை நான் ஆசை ஆசையா விளக்கிட்டிருந்தேன். ஒரு அம்மா எழுந்து, "தண்ணியில ஃப்ளோரைடு இருக்குன்னுதான் நாங்க போர் தண்ணி குடிக்காதீங்கன்னு ஊர் ஊராச் சொல்றோம். இப்போ அதையே பல்லுல பூசச் சொல்றீங்களா?"ன்னு கேட்டாங்க. இது தர்மபுரி, ரேவதி. ஒகேனக்கல் தண்ணி வந்தும் பழுப்புக் கறைப் பல்லோட ஒரு தலைமுறையே இங்க நடமாடுது. பல்லு ஈறுக்குள்ள உருவாகிற வயசுல வருஷக்கணக்கா குடிக்கிறது வேற, முளைச்ச பல்லு மேல துளி பூசுறது வேறன்னு சொன்னேன். பாதிதான் நம்பினாங்க. தண்ணிக்கு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்துக்கு ஒன்றரைப் பங்குதான் வரம்பு, வார்னிஷ்ல பத்து லட்சத்துக்கு 22,600 பங்குன்னு யாராவது படிச்சுட்டு வந்து கேட்டா நான் ஒருத்தி சமாளிக்க முடியாது. இன்னும் போர் தண்ணியே குடிக்கிற ஊர்ல நீயா இருந்தா பூசுவியா? எங்க ஸ்டோர்ல வார்னிஷே இல்லைங்கிறது தனிக் கதை.

இதெல்லாம் இருக்கட்டும். என்னைத் தூங்க விடாதது வேற ஒண்ணு.

திருவனந்தபுரத்துல நடந்த வாய்ப் புற்று ஆய்வை நீதான் எனக்கு முதல்ல சொன்ன. பதிமூணு பஞ்சாயத்துத் தொகுதி, முப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல. அதுல ஏழு தொகுதியில, டாக்டரே இல்லாம, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளருங்க வீடு வீடாப் போய் கண்ணாலயே பாத்தாங்க. மீதி ஆறு தொகுதி ஒப்பிட்டுப் பாக்க. புகையிலை, குடி பழக்கம் இருக்கிறவங்கள்ல வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைஞ்சதுன்னு 2005-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. நானும் வகுப்புல அதைத்தான் பெருமையாச் சொல்றேன். ஆனா அதே கட்டுரையில இன்னொரு கணக்கு இருக்கு. சந்தேகம்னு டாக்டர்கிட்ட அனுப்பின 5,145 பேர்ல 3,218 பேர்தான் போனாங்க. மூணுல ஒருத்தருக்கு மேல போகவே இல்ல. அது ரோடும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் இருக்கிற கேரளா!

இங்க? போன மாசம் ஆடு மேய்க்கிற ஒரு பாட்டிக்கு, கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையும் செவப்புமா கலந்த படை. நம்ம செவிலியர் கண்டுபிடிச்சது. சீட்டு எழுதி அனுப்பினோம். போகல. "வலி இல்லையே கண்ணு. நான் போனா ஆட்டை யார் பாப்பா?" அவ்வளவுதான் பதில். வலி இல்லாததுதான் ஆபத்துன்னு எப்படிப் புரிய வெக்கிறது சொல்லு. ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் பொழைப்பு போகும், போன இடத்துல டாக்டர் லீவுன்னா மறுபடி முதல்லேருந்து. கடைசியில அந்தச் செவிலியர் தன் லீவு நாள்ல, ஆட்டைப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட விட்டுட்டு, தானே கூட்டிட்டுப் போனாங்க. துளி சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி எடுத்தாச்சு. புற்று இல்ல, ஆனா செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு, விடாம பாத்துட்டே இருக்கணுமாம். பாட்டி வெத்தலையை விடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. பாக்கலாம்.

ஒரு செவிலியர் எத்தனை பேரை லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க? பாக்கக் கத்துக் கொடுத்துட்டேன். பாத்தவங்க இப்போ என் முகத்தைப் பாக்கிறாங்க. அனுப்ப இடம் பக்கத்துல இல்லாம வகுப்பு மட்டும் நடத்துறது எனக்குச் சரியாப் படல. மேல எழுதிக் கேட்டிருக்கேன், மாசத்துக்கு ஒரு நாளாவது பல் டாக்டர் இங்கேயே வந்து, சந்தேகமானவங்களை ஒரே இடத்துல பாக்கணும்னு. பதில் எப்போ வரும்னு உனக்கே தெரியும்.

அதனால அது வர்ற வரைக்கும் நீ வா. ரெண்டாவது சனிக்கிழமை. காலையில ரெண்டு மணி நேரம் டாக்டருங்களுக்குக் கிளாஸ், அந்த ஃப்ளோரைடு அம்மாவுக்கு நீயே பதில் சொல்லிடு. அதுக்கப்புறம் செவிலியருங்க எடுத்து வெச்சிருக்கிற பேரையெல்லாம் ஒவ்வொருத்தராப் பாரு. ஆளுங்களை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. பயாப்ஸிக்கு வேணும்கிறதைப் பட்டியல் போட்டு அனுப்பு, இங்க கிடைக்காததை நீ கொண்டு வா. ஃபீஸ் கிடையாது. ராத்திரி ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டு, காரம் நிறையப் போட்டு.

திருச்சியிலேருந்து சேலம் வந்து பஸ் மாறு. வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துட்டா நல்லது. சுமதியையும் இழுத்துட்டு வா, ரெஜிஸ்டர் எழுத ஆள் வேணும். அவ கையெழுத்தை மட்டும் யாராலயும் படிக்க முடியாது, அதையும் சொல்லிக் கூட்டிட்டு வா.

உன்
கோமதி