எங்கள் பள்ளத்தாக்குகளின் எதிரொலியை அளந்து பாருங்கள்: கைபேசி வலையமைப்புப் பொறியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தில் கைபேசிக் கோபுரங்களைத் திட்டமிடும் பொறியியலாளர்களுக்கும், அந்த வேலையை ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து மக்கள் உங்களிடம் கேட்பது "டவர் போடுங்கள்" என்பதைத்தான். அது நியாயமான கோரிக்கை. மலைமுதுகுக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் டிவிசன்களுக்கு, அதாவது தோட்டத்தின் பிரிவுகளுக்கு, வேறு வழி கிடையாது. இந்த மடலில் நான் கேட்பது வேறொன்று. கோபுரம் அருகிலேயே இருக்கிற லயங்களிலும் (தோட்டத்து வரிசை வீடுகளிலும்), போனில் மூன்று நான்கு சிக்னல் கோடுகள் நிற்கும்போதே, ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது குரல் துண்டு துண்டாகிறது. இதற்குக் காரணம் என்னவென்று அந்த லயங்களிலேயே வந்து அளந்து சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

திரையில் தெரியும் கோடுகள், கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலுவைத்தான் முக்கியமாகக் காட்டுகின்றன. அந்த அலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. பேச்சும் தரவும் கெடுவதற்குக் காரணங்கள் பல. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பதால் உண்டாகும் நெரிசல் ஒன்று. கோபுரம் பத்துக்கணக்கான வாற்றில் பேச, கையிலிருக்கும் போன் 4ஜியில் வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாற்றில்தான் பதில் சொல்ல முடியும் என்பது இன்னொன்று. இவற்றை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மலைக்கே உரிய மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை இங்கே யாரேனும் அளந்து வெளியிட்டதாக நான் காணவில்லை. எதிர்மலையில் பட்டுத் தாமதித்து வரும் வானலையின் எதிரொலிதான் அது.

எங்கள் மக்களுக்கு இந்த எதிரொலி புதிதல்ல. கூரைக்கு மேல் மூங்கில் கட்டி அன்டெனா ஏற்றிய காலத்தில், செய்தி வாசிப்பவரின் தோளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு தோள் நிற்கும். நேரே வந்த அலை முதல் உருவத்தையும், மலையில் மோதி வந்த அலை இரண்டாவது உருவத்தையும் வரைந்தன. பழைய தொலைக்காட்சித் திரையில் ஒரு வரி இடமிருந்து வலமாக ஓட ஏறத்தாழ 52 மைக்ரோசெக்கன் எடுக்கும் (ஒரு மைக்ரோசெக்கன் என்பது செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). வானலையோ ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் கடந்துவிடும். ஆகவே எதிரொலி ஒன்றரைக் கிலோமீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்தால், இரண்டாவது உருவம் திரையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி விழும். அன்டெனாவைத் திருப்பித் திருப்பி அந்த உருவத்தை மறையச் செய்த பெரியவர்கள், பள்ளத்தாக்கின் எதிரொலியைக் கண்ணாலேயே அளந்தவர்கள். இன்றைய எண்முறை அலையில் அந்த இரண்டாவது உருவம் யாருக்கும் தெரிவதில்லை. தரவைச் சுமந்து வரும் ஒவ்வொரு சிறு அலைத் துண்டும் ஒரு குறியீடு. முந்திய குறியீட்டின் வால் அடுத்த குறியீட்டின் மேல் விழுந்து இரண்டையும் கெடுக்கிறது. போன் மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்குகிறது. நமக்குச் சுற்றும் வட்டம் மட்டும் தெரிகிறது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்கள் சமிக்ஞைச் செயலாக்கத் துறையினர். 1965இல் பெல் ஆய்வுகூடத்தின் றொபேர்ட் லக்கி, தொலைபேசிக் கம்பியின் திரிபைத் தானே அறிந்து சரிசெய்துகொள்ளும் சமப்படுத்தியை முன்வைத்தார். 1967இல் அன்ட்ரூ விற்றர்பி தந்த கணிப்பு முறையை, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த குறியீடுகளைப் பிரித்தறிய டேவிட் ஃபோர்னி 1972இல் பயன்படுத்திக் காட்டினார். 2ஜி இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. அதில் நமது குரல் செக்கனுக்கு ஏறத்தாழ 200 சிறு துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் போனுக்கு முன்பே தெரிந்த 26 பிட்டுகள் இருக்கும்; அவை எப்படிச் சிதைந்து வந்தன என்று பார்த்து, அந்தக் கணத்தில் பள்ளத்தாக்கு என்ன செய்தது என்பதைப் போன் கணித்துக்கொள்கிறது. இன்னும் முக்கியமான ஒன்று: 1980களில் ஐரோப்பாவின் கோஸ்ட் 207 ஆய்வுக் குழு, நகரம், நாட்டுப்புறம் ஆகியவற்றோடு "மலைப்பாங்கான நிலம்" என்று ஒரு தனி எதிரொலி மாதிரியையும் வகுத்தது. அதில் எதிரொலிகள் 20 மைக்ரோசெக்கன் வரை நீள்கின்றன. அதாவது, ஆறு கிலோமீற்றர் சுற்றி வரும் அலை. 2ஜி கருவிகளின் சோதனையில் அந்த மாதிரிக்கு இடம் கொடுத்தார்கள். மலையில் வாழ்பவர்களை அந்தப் பொறியியலாளர்கள் மறக்கவில்லை.

4ஜி வேறு வழியில் போனது. றொபேர்ட் சாங் 1966இல் தொடக்கிவைத்து, வைன்ஸ்டைனும் எபேர்ட்டும் 1971இல் ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் எளிதாக்கிய முறை அது. தரவைப் பல நூறு மெல்லிய இழைகளாகப் பிரித்து மெதுவாக அனுப்புகிறது. ஒவ்வொரு குறியீடும் 66.7 மைக்ரோசெக்கன் நீளும். அதன் வாலில் ஒரு பகுதியைப் பிரதி எடுத்துத் தலையில் ஒட்டிவிடுவதால், அந்தத் தலைப்பகுதிக்குள் வந்து சேரும் எதிரொலியால் கேடில்லை. பெலெட், றூயிஸ் என்ற இருவர் 1980இல் தந்த யோசனை இது. எனக்குத் தெரிந்த பொறியியல் யோசனைகளில் இதைவிட அழகானது அரிது. ஆனால் வழக்கமாகப் பயன்படும் தலைப்பகுதியின் நீளம் ஏறத்தாழ 4.7 மைக்ரோசெக்கன்தான், 1.4 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி வரும் அலையை அது முழுவதுமாகத் தாங்காது. 4ஜி போன்களின் சாதாரண சோதனை மாதிரிகளில் மிக நீண்டதும் 5 மைக்ரோசெக்கனோடு நின்றுவிடுகிறது, அதுவும் நகரத்தை எண்ணி வகுத்தது.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. நேர் அலை வலுவாக இருக்கும் இடத்தில், தூரத்திலிருந்து வரும் மெல்லிய எதிரொலி பொருட்டல்ல. கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு மேடு எழும்பி நேர் அலையை மறைத்துவிட்டு, அகன்ற பள்ளத்தாக்கின் மறுகரைப் பாறையோ மவுசாகலை, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கத்துக்கு அப்பாலுள்ள சரிவோ அலையைத் திருப்பி அனுப்பும் இடங்களில்தான் இது கடிக்கும். அப்படிப்பட்ட இடங்கள் மலையகத்தில் எத்தனை என்பதை வாகனத்தில் கருவியை வைத்துப் பிரதான வீதியில் ஓட்டிப் பார்த்தால் அறிய முடியாது. வீதி ஒரு மட்டத்தில் போகிறது. லயம் அதற்குக் கீழே மடிப்புக்குள் இருக்கிறது. கருங்கல் சுவரும் தகரக் கூரையுமான காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) அலை நுழைவதே கடினம் என்பதால், எங்கள் ஆட்கள் போனை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று பேசுகிறார்கள். உங்கள் கருவி அந்த இஸ்தோப்புக்கு வர வேண்டும். அலையின் வலுவோடு அதன் தெளிவையும், எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதையும் அது பதிய வேண்டும். முடிவுகளை மாவட்ட சராசரியாகச் சுருக்காமல் டிவிசன் வாரியாக வெளியிட வேண்டும்.

எதிரொலிதான் காரணம் என்று தெரிந்தால் புதிய கோபுரமே தேவைப்படாமல் போகலாம். அன்டெனாவின் சாய்வையும் திசையையும் மாற்றி எதிர்ச்சரிவில் அலை படுவதைக் குறைப்பது முதல் வேலை. அது போதாத, தனித்து ஒதுங்கிய பள்ளத்தாக்குகளில், 4ஜி தரநிலையிலேயே உள்ள நீட்டித்த தலைப்பகுதியைப் பரீட்சித்துப் பாருங்கள். அதன் நீளம் 16.7 மைக்ரோசெக்கன், ஐந்து கிலோமீற்றர் சுற்றி வரும் அலையையும் அது ஏற்கும். ஏழு குறியீடு போகும் இடத்தில் ஆறுதான் போகும் என்பது உண்மை. ஒன்றுமே ஒழுங்காகப் போகாத இடத்தில் ஏழில் ஒன்றை இழப்பது நட்டமல்ல. போனின் குரல் கோபுரத்தை எட்டாத இடங்களுக்கு, ஒரே தரவுப் பொதியை அடுத்தடுத்து நான்கு முறை அனுப்பி நான்கையும் சேர்த்துப் படிக்கும் வசதியும் அதே தரநிலையில் இருக்கிறது. அது எங்கள் பக்கத்துக் கோபுரங்களில் இயங்குகிறதா என்பதையும் தெரிவியுங்கள்.

5ஜி பற்றிய திட்டங்களில் இதை இப்போதே எண்ண வேண்டும். 3.5 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் வழக்கமாகப் பயன்படும் அமைப்பில் அந்தத் தலைப்பகுதி 2.3 மைக்ரோசெக்கனாகச் சுருங்குகிறது, அதாவது 700 மீற்றர். 2ஜியை என்றாவது நிறுத்த நினைத்தால், மலைக்காகச் சோதிக்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பம் விட்டுச்செல்லும் இடத்தை 4ஜி குரல் அழைப்பு நிரப்புகிறதா என்று ஒவ்வொரு டிவிசனிலும் உறுதிசெய்த பிறகே நிறுத்துங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் தாய்மார் இன்னும் பலர். 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்ததைக் கண்டவர்கள் நாங்கள். மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை அழைப்பு முழுமையாகக் காதில் விழுவதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இந்த மலைகளின் வாசலிலேயே இருக்கிறது. ஐரோப்பியர் தங்கள் மலைகளுக்கு வகுத்ததைப் போல, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குக்கு ஓர் எதிரொலி மாதிரியை வகுப்பது இறுதியாண்டு மாணவர் குழுவொன்றின் கைக்கு எட்டிய வேலை. அதற்கான கருவியை நீங்கள் இரவல் கொடுத்தால் போதும்.

அளவெடுக்க வரும்போது பகலில் வராதீர்கள். ஆட்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், வலையமைப்பும் ஓய்ந்திருக்கும். வேலை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். குறுக்குப் பாதை காட்டவும் எந்த வீட்டில் எந்த இடத்தில் போன் எடுக்கிறது என்று சொல்லவும் எங்கள் இளைஞர்கள் கூட வருவார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து லயத்தில் வளர்ந்து, தொடர்பாடல் பொறியியல் கற்ற ஒருவர்