மூன்று துண்டான சுசூ ஜாடிக்காக ஒரு நன்றி மடல்

ஜப்பானின் கனசாவா நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும், ஜாடியை ஒட்டித் தந்த அரக்குக் கலைஞருக்கும், நோட்டோ தீபகற்பத்து முனையில் சுசூ ஊரில் இருக்கும் குயவருக்கும்,

2024 ஜனவரி 1 அன்று விடுமுறைக்கு மதுரை வந்திருந்தோம். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போனில் ஜப்பான் பேரிடர் செயலி அலறியது. இங்கே மதியம் 12.40, அங்கே மாலை 4.10. கனசாவாவுக்கு வடக்கே நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம், கூடவே பெரிய சுனாமி எச்சரிக்கை.

அன்றிரவு டிவியில் அதே தீபகற்பத்து வாஜிமா ஊரின் காலைச் சந்தைத் தெரு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, நம் ஷெல்ஃபில் வைத்த சுசூ ஜாடி என்ன ஆனதோ என்று மனம் போனது. வெட்கமாக இருந்தது. இடிபாட்டுக்குள் மனிதர்கள் கிடக்கும்போது மண் ஜாடியைப் பற்றி யாரிடம் கேட்பது?

பாட்டி, வீட்டைப் போய்ப் பார்க்கட்டுமா என்று நீங்களாகவே கேட்டீர்கள். வேண்டாம், பின்னதிர்வு வருகிறது என்றோம். மறுநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் செய்தியின் முதல் வரியே, ‘செருப்போடு உங்கள் வீட்டுக்குள் நடந்ததற்கு மன்னிக்கவும்’ என்பதுதான். சமையலறைத் தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு! செருப்பில்லாமல் எப்படி நடப்பது?

வாஜிமா அரக்குக் கிண்ணங்கள் இரண்டும் ஃப்ரிட்ஜுக்கு அடியில் உருண்டு கிடந்தன. ஒரு கீறல் இல்லை. மரத்தைக் கடைந்து, விளிம்பில் துணி ஒட்டி, அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்கோடு குழைத்துப் பூசி, நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் செய்கிறார்கள். சும்மாவா?

ஜாடிதான் மூன்று துண்டு. அது எங்கள் தப்பு. நீங்கள் தந்த அதிர்வு தாங்கும் ஒட்டு மெத்தைகளை டிவிக்கு அடியில் மட்டும் வைத்தோம். நீங்களோ துண்டுகளைத் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, நகக்கண் அளவுச் சில்லுகளைக்கூட ஓர் உறையில் போட்டு வைத்திருந்தீர்கள்.

குயவர் ஐயா, உங்களுக்குப் போன் செய்யவே கை வரவில்லை. மெருகு பூசாமல் சாம்பல் கறுப்பாகச் சுட்டெடுக்கும் சுசூ மண்பாண்டம் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 15ஆம் நூற்றாண்டோடு மறைந்து, 1970களில்தான் மீண்டும் உயிர் பெற்றது. 2023 மே நிலநடுக்கத்தில் சரிந்த சூளையைக் கட்டி முடித்த கையோடு மறுபடி இழந்தவர் நீங்கள். உங்களிடம் போய் ஜாடி உடைந்த கதையைச் சொல்வதா? சொன்னோம். சிரித்தீர்கள். “ஒட்டிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் பூ, கசிந்தால் காய்ந்த கிளை” என்றீர்கள்.

மரப்பாலான அரக்கையும் கோதுமை மாவையும் பிசைந்து ஒட்டினார் கலைஞர். அரக்கு ஈரக்காற்றில்தான் இறுகுமாம். மழைக்காலம் வரை காத்திருந்தோம். ஒட்டிய கோடுகளின் மேல் பொன்பூச்சு வேண்டாம் என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கூலியாக வாங்கிக்கொண்டது அரைக்கிலோ ஃபில்டர் காபித்தூள்.

ஜாடி லேசாகக் கசிகிறது, ஐயா. நாணற்கதிர் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மூன்றாவது மாடித் தமிழ்க் குடும்பம்